மரத்துக்கு ஒன்று, வலைக்கு ஒன்று

ஒரு நெகடிவைக் கொல்ல ஒரு தையல் ஊசி போதும்.

போட்டோ சங்கத்துச் செயலாளர் தன் மேஜைமேல் வெள்ளைத் துணி ஒன்றை விரித்தார். அதன் நடுவில் என் பிலிம் துண்டை வைத்தார். ஊசியை என் கையில் கொடுத்து, "மூலைக்கு மூலை இரண்டு கோடு. அழுத்திப் போடுங்கள், மிஸ்டர் ஞானமுத்து" என்றார்.

போட்டேன். கிர்ரென்று ஒரு சின்னச் சத்தம். நான்கு மீனவர்கள், அவர்களைத் தாங்கிய கட்டுமரம், பின்னால் சுவராக எழுந்து நின்ற அலை, எல்லாம் என் கண்முன்னே குறுக்கும் நெடுக்குமாகக் கிழிந்துபோயின. பக்கத்தில் பத்துப் பிரதிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஒன்று முதல் பத்து வரை எண். இடது மூலையில் என் கையெழுத்து, வலது மூலையில் செயலாளரின் இனிஷியல். இந்த உலகத்தில் அந்தப் படம் இனி பத்துதான்.

எனக்கு வருத்தமே இல்லை. பெருமை தாங்கவில்லை.

காப்பிக்காரன்

அந்தப் பெருமை ஏன் என்று புரியவேண்டுமானால் அதற்கு முன் நான் யார் என்று சொல்லவேண்டும். இந்தத் தொடரை இடையில் படிக்க ஆரம்பித்தவர்களும் இருப்பீர்கள்.

என் அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்தவர். நான் புளி மூட்டைக்கும் மிளகாய் மூட்டைக்கும் தப்பி, ராயபுரத்தில் ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ திறந்தேன். திறந்த நேரம் யுத்த நேரம். துறைமுகத்துக்குள் வேலைக்குப் போகிற ஒவ்வொருவனும் படம் ஒட்டிய பாஸ் வைத்திருக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. மூட்டை தூக்குகிறவர், கிரேன் ஓட்டுகிறவர், கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறவர் என்று வரிசை தெருமுனை வரை நிற்கும். ஆளுக்கு மூன்று காப்பி. முகத்தைத் துடைத்துக்கொள், தலையை நிமிர்த்து, அசையாதே, அடுத்த ஆள் வா. இதைத்தான் நான் வருஷக்கணக்கில் செய்தேன்.

அக்கம்பக்கத்தில் எனக்குப் பெயரே காப்பிக்காரன்தான். காப்பி கிளப் வைத்திருக்கிறேன் என்று நினைத்து வந்தவர்கள்கூட உண்டு.

என் மனைவி எஸ்தர் இல்லாவிட்டால் அந்த வேலையும் ஓடியிருக்காது. படங்களைக் கழுவி மொட்டைமாடியில் கொடிகட்டிக் காயப்போட்டால், பேசின் பிரிட்ஜ் பக்கத்துப் புகையும் ரயில்கரியும் வந்து ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த படத்தில் யார் முகத்தைப் பார்த்தாலும் அம்மை போட்டாற்போல் இருக்கும். மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு புள்ளியாக மறைத்து முகங்களை மீட்டுக்கொடுத்தது எஸ்தர்தான். அவள் சேலையில் எப்போதும் படம் கழுவுகிற ஹைப்போ மருந்து வாசனை அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் பக்கத்து வரிசைப் பெண்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அவள் சட்டை செய்யமாட்டாள்.

அப்படிப்பட்ட என்னைத்தான் நகரத்து போட்டோ சங்கத்தின் செயலாளர் ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். ஓய்வுபெற்ற அதிகாரி. சட்டைப் பையில் பூதக்கண்ணாடி வைத்திருப்பார். என் கட்டுமரப் படத்தை அரைமணி நேரம் பார்த்தார்.

"இங்கே கீழே ஒரு கறுப்புத் திட்டு இருக்கிறது. அது குறை" என்றார் முதலில். பிறகு, "மற்றபடி இதைக் கண்காட்சியில் மாட்டலாம். ஆனால் ஒரு நிபந்தனை. செப்புத் தகட்டில் படம் செதுக்குகிறவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? இத்தனைதான் என்று எண்ணி அச்சடித்துவிட்டுத் தகட்டைக் கீறிவிடுவார்கள். போட்டோவை ஏன் யாரும் கலை என்று மதிப்பதில்லை? கேட்டவனுக்கெல்லாம் காப்பி கிடைக்கிறது. நாம் பத்தோடு நிறுத்துவோம்" என்றார்.

காப்பி போட்டே பிழைத்தவனிடம் காப்பி போடாதே என்று ஒருவர் சொல்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சரி என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கண்காட்சி மண்டபத்தில் அதுவரை ராயபுரத்துக்காரன் ஒருவன் படம்கூடத் தொங்கியதில்லை.

அந்த ஒரு கிளிக்

இப்போது அந்தப் படம் எடுத்த கதை.

காசிமேட்டுக்குப் பக்கத்துக் குப்பத்தில் சிங்காரம் என்று ஒருவர். பாஸ் போட்டோ எடுக்க மச்சானுக்குத் துணையாக வந்து, என் ஸ்டுடியோவில் மாட்டியிருந்த ஒரு கடல் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்.

"இன்னா நைனா, கரையில குந்திகினு கடலை எட்த்திருக்கிற? கடலு அங்கல்ல கீது!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அப்போ கூட்டிக்கிட்டுப் போங்க" என்றேன். கோபத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம்.

விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினோம். கட்டுமரம் என்பது படகு இல்லை. நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். கடல் கட்டைக்கு நடுவே ஏறி நம் மடியில் உட்காரும். சிங்காரமும், அவர் மச்சான் எல்லப்பனும், இன்னும் இரண்டு பேரும். என்னை முன்பக்கம் உட்காரவைத்து இடுப்பில் கயிற்றைக் கட்டி மரத்தோடு முடிந்துவிட்டார்கள். காமிராவை மெழுகுத்துணியில் சுற்றி வயிற்றோடு அணைத்திருந்தேன். வாந்தி எடுத்ததைப் பற்றி எழுதவேண்டாம் என்று எஸ்தர் சொல்கிறாள். எடுத்தேன்.

வலை இழுத்துத் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. கரைக்குச் சற்று முன்னால் அலை உடைகிற இடம் வந்தது. நான் பின்னோக்கித் திரும்பி உட்கார்ந்தேன். மூன்று பேர் துடுப்புப் போடுகிறார்கள். கடைசியில் சிங்காரம் நின்றுகொண்டு திசை பிடிக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஓர் அலை எழும்பியது, எழும்பியது, எழும்பிக்கொண்டே இருந்தது. நால்வரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மெழுகுத்துணியை உதறி ஒரே ஒரு தடவை அமுக்கினேன்.

அடுத்த நொடி தலைக்குமேல் தண்ணீர். உப்பு மூக்கில் ஏறி மூளைவரை போனது. காமிரா போச்சு என்று கத்தினேன். கண்ணைத் திறந்தால், எல்லப்பன் ஒரு கையால் துடுப்பையும் இன்னொரு கையால் என் காமிராவையும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். எப்போது பிடுங்கினார் என்று எனக்கே தெரியாது. கரையில் மரம் தட்டும்வரை அந்தக் கையை அவர் இறக்கவில்லை.

மணலில் மீனைக் கொட்டினார்கள். பங்கு பிரித்தார்கள். அந்தக் குப்பத்தில் பங்கு என்றால் இப்படி: கடலுக்குப் போன ஆளுக்கு ஆள் ஒரு பங்கு. மரத்துக்கு ஒரு பங்கு. வலைக்கு ஒரு பங்கு. மரம் சிங்காரத்தினுடையது. வலை அஞ்சலை என்ற பெண்ணுடையது. கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள், வலையை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

எனக்கு முன்னாலும் ஒரு பங்கு வந்து விழுந்தது. நான்கு சங்கரா மீன்.

"எனக்கு எதுக்கு? நான் சும்மா உட்கார்ந்து வந்தவன்" என்றேன்.

"மரத்துல ஏறிக்கினா பங்கு உண்டு நைனா. எங்களுக்குக் கெட்ச்சதுல உனக்கு. உனக்குக் கெட்ச்சதுல எங்களுக்கு. எட்துகினு போ" என்றார் சிங்காரம்.

தலையை ஆட்டிவிட்டு எடுத்துப் போனேன். எஸ்தர் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். நான் இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சிங்காரம் சொன்னது ஒரு மரியாதைப் பேச்சு என்றே நினைத்தேன். என் அப்பன் கடைவீதியில் அப்படி எத்தனையோ பேச்சுகள் உண்டு.

நீ துன்னியா, துன்லியா?

நெகடிவைக் கீறிவிட்டு டிராமில் வந்து இறங்கினேன். தரையில் கால் பாவவில்லை. ஸ்டுடியோ வாசலில் சிங்காரமும் எல்லப்பனும் மற்ற இருவரும் நின்றார்கள். நால்வரும் துவைத்த சட்டை போட்டிருந்தார்கள்.

"படம் சோக்கா வந்துக்கீதாமே, ஊரே சொல்லிகினு கீது. எங்க பங்கு எங்க நைனா?" என்றார் சிங்காரம்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"எங்க நாலு பேருக்கு நாலு. மரத்துக்கு ஒண்ணு. வலைக்கு ஒண்ணு. ஆறு."

நான் ஏதேதோ சொன்னேன். இது மீன் இல்லை, படம் என்றேன். மொத்தமே பத்து, அதுவும் சங்கத்தில் இருக்கிறது, கண்காட்சி முடிந்தால் வாங்குகிறவர்களுக்குப் போய்விடும், நெகடிவும் இல்லை என்றேன். சிங்காரம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அன்னிக்கு மீனை நீ துன்னியா, துன்லியா?"

"சாப்பிட்டேன்."

"அவ்ளோதான் நைனா. நான் வேற ஒண்ணியும் கேக்கல."

சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர்கள் அப்படியே திரும்பி நடந்தார்கள். எல்லப்பன் மட்டும் ஒரு தடவை திரும்பி ஸ்டுடியோ போர்டைப் பார்த்தார்.

இதில் எனக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. போட்டோ தொழில் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். நெகடிவ் போனால் என்ன? பிரதி ஒன்றைப் பலகையில் குத்தி அதையே படம் எடுத்தால் புது நெகடிவ் ரெடி. ஆறு என்ன, அறுநூறு போடலாம். சங்கத்துக்குப் பத்து, குப்பத்துக்கு ஆறு, யாருக்கும் குறை இல்லை. ஒரு பிரதியை ஒருநாள் இரவல் வாங்கி வந்தால் போதும். மறுநாள் காலையிலேயே பலகையைத் துடைத்து, விளக்குகளைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டேன்.

எஸ்தர் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"என்ன செய்யப் போறிய?"

சொன்னேன்.

"பத்துன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திய. பதினொண்ணாவது போட்டியன்னா அது பாஸ் போட்டோதான். அதை அவங்களுக்குக் குடுப்பியளாக்கும்? மீனு மட்டும் நல்ல மீனாக் குடுத்தாவல்ல?"

என் மனைவி அதிகம் பேசமாட்டாள். விளக்கை அணைத்தேன்.

அன்றே சங்கத்துக்குப் போய் என் பத்துப் பிரதிகளையும் திருப்பிக் கேட்டேன். கண்காட்சிக்கு இன்னும் இரண்டே வாரம்தான் பாக்கி.

"காரணம்?" என்றார் செயலாளர்.

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு மட்டும் சொந்தமில்லாத ஒன்றை எனக்கே சொந்தம்போல எழுதிக்கொடுத்துவிட்டேன் என்பதை அந்த மனிதர்முன் சொல்ல என் திமிர் விடவில்லை. "அது என் சொந்த விஷயம்" என்றேன்.

"அப்படியானால் பட்டியலில் உங்கள் பெயரை அடித்துவிடுகிறேன்" என்று என் முன்னாலேயே பேனாவை எடுத்தார். அந்தக் கோடு என் நெகடிவில் போட்டதைவிட நீளமாக இருந்தது. டிராமில் பத்துப் படங்களையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் கண்ணைத் துடைத்துக்கொள்ளவேண்டியிருந்தது.

நேரே குப்பத்துக்குப் போய் ஆறு பங்கையும் கொடுத்தேன். திசை பிடித்தவர் என்பதால் ஒன்றாம் எண் சிங்காரத்துக்கு.

பூதக்கண்ணாடி

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. செயலாளர் என் ஸ்டுடியோ வாசலில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கினார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"பத்து என்று எழுதிக் கொடுத்தவர் நீங்கள். குப்பத்தில் வீட்டுக்கு வீடு அதே படம் மாட்டியிருக்கிறதாம். எங்கள் உறுப்பினர் ஒருவர் கண்ணால் பார்த்திருக்கிறார். எத்தனை காப்பி போட்டீர்கள்?"

நான் கத்தியிருக்கவேண்டும். ஆச்சரியம், கத்தவில்லை. "வாருங்கள், எண்ணிப் பார்த்துவிடுவோம்" என்றேன்.

கருவாடு காயும் மணலில் பாலிஷ் போட்ட ஷூவோடு அவர் நடந்து வந்தது இன்றும் எனக்குச் சிரிப்புத்தான். முதலில் சிங்காரத்தின் வீடு. குனிந்து நுழைந்தார். மண்சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள்.

"ஒரே வீட்டில் இரண்டா?" என்று என்னை முறைத்தார்.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு மரத்துக்கு" என்றார் சிங்காரம். "மரத்துக்கு வூடு இல்ல, அதான் என் வூட்ல மாட்டிகிறேன்."

செயலாளர் பூதக்கண்ணாடியை எடுத்து எண்ணைப் பார்த்தார். ஒன்று. அடுத்தது ஐந்து. இரண்டிலும் வலது மூலையில் அவருடைய இனிஷியல். வெளியே வந்தார். எல்லப்பன் வீட்டில் இரண்டாம் எண். மற்ற இருவர் வீட்டிலும் மூன்றும் நான்கும். எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து. ஒவ்வொரு வீட்டிலும் அவர் குனியும் நேரம் கூடிக்கொண்டே போனது.

கடைசியில் அஞ்சலை வீடு. ஆறாம் எண். அவள் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்தாள்.

"உங்களுக்கு எதற்கு அம்மா இந்தப் படம்? நீங்கள் இதில் இல்லையே" என்றார் செயலாளர். குரலில் அதிகாரம் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"நான் இல்ல சாமி. என் வலை கீது." அவள் வந்து, நடுவில் இருந்த இருவரின் காலடியில் விரலை வைத்தாள். "தோ பாரு. சுருட்டி வச்சிக்கிறாங்க பாரு. ஈரமா கீது, அதான் கறுப்பா தெரியுது."

அவள் விரல் இருந்த இடம் அந்தக் கறுப்புத் திட்டு. செயலாளர் குறை என்று சொன்ன திட்டு. நானும் அதைக் குறை என்றே நினைத்து, இருட்டறையில் வெளிச்சத்தை மறைத்து அட்டையை ஆட்டி ஆட்டி எப்படியாவது வெளுக்கவைக்கப் பார்த்து, பத்துப் பிரதியிலும் தோற்றவன். எங்கள் இருவர் கண்ணுக்கும் தெரியாமல், அது நன்றாகவே விழுந்திருந்த ஒரு வலை. கிட்டப் போய்ப் பார்த்தேன். முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது.

செயலாளர் கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை அஞ்சலை கையில் கொடுத்து, "நீங்களும் பாருங்கள்" என்றார். அவள் பார்த்துவிட்டு, "ஐயய்ய, அந்த மூலையில அவுந்துகீது, தெச்சிருக்கணும்" என்றாள்.

திரும்பும் வழியில் அவர் நின்றார். "மன்னித்துவிடுங்கள், மிஸ்டர் ஞானமுத்து. ஆறும் என் கையெழுத்திட்டவை. மற்ற நான்கு உங்களிடம்தான் இருக்கும் என்று தெரிகிறது. நான் பார்க்கவேண்டியதில்லை. படம் கண்காட்சிக்கு வரவேண்டும். ஆனால் எங்கள் வழக்கப்படி முதல் எண்ணைத்தான் மாட்டுவோம்."

"அது என்னுடையது இல்லை. அவரைத்தான் கேட்கவேண்டும்" என்றேன்.

ஓய்வுபெற்ற அந்த அதிகாரி திரும்பி நடந்துபோய் சிங்காரத்திடம் இரவல் கேட்டார். நான் எட்டவே நின்றேன். சிங்காரம் யோசித்துவிட்டு, "தர்றேன். ஆனா நான்தான் தூக்கினு வருவேன், நான்தான் தூக்கினு போவேன்" என்றார்.

மண்டபத்தில்

அந்தக் கண்காட்சிக்குப் படங்களை இரவல் கொடுத்தவர்கள் பட்டியல் ஒன்று வாசலில் ஒட்டியிருந்தது. ஜமீன்தார்கள், வக்கீல்கள், டாக்டர்கள். நடுவில் ஒரு வரி: சிங்காரம், மீனவர், ராயபுரம். என் பெயரைவிட அதைத்தான் எஸ்தர் பலமுறை படித்தாள்.

கண்காட்சி நடந்த மூன்று நாளும் சிங்காரம் வந்தார். மூன்று நாளும் கடலுக்குப் போகவில்லை. படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பார்க்க வந்தவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள், மறுபடி படத்தைப் பார்ப்பார்கள்.

கடைசி நாள் சில்க் ஜிப்பா போட்ட ஒருவர் வந்தார். நான் தூணுக்குப் பக்கத்தில் சலவைச் சட்டையோடு, யாராவது அறிமுகம் செய்துவைப்பார்களா என்று காத்து நின்றேன். என் ஆசை அதுதான், அதை ஒளிப்பானேன்? காப்பிக்காரன் என்ற பெயர் போய் வேறு ஒரு பெயரால் என்னை ஒருவர் கூப்பிட்டுக் கேட்கவேண்டும் என்று அத்தனை வருஷமாக ஏங்கியிருந்தேன்.

ஜிப்பாக்காரர் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், பக்கத்தில் நின்ற சிங்காரத்திடமே கேட்டார்: "அற்புதமாக இருக்கிறதே, இதை எடுத்தது யார்?"

சிங்காரம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நாங்க அஞ்சி பேரு" என்றார்.

எனக்கு இரண்டு எட்டு எடுத்துவைத்தால் போதும். போய், நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அதன்பிறகு எத்தனையோ ஊர்களில் என் படங்கள் தொங்கியிருக்கின்றன, என் பெயரை எப்படியெல்லாமோ அச்சடித்திருக்கிறார்கள். அவற்றில் எதுவும் எனக்கு அவ்வளவு சரியாக இருந்ததில்லை. நான் தூணடியிலேயே நின்றுகொண்டேன்.